வரையாட்டை யார் எண்ணுவது? தாம்பரத்திலிருந்து மலையேறும் தன்னார்வம் குறித்து

1. கேள்வி

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளையும் செங்குத்துப் பாறைகளையும் ஒட்டியே அதன் வாழ்வு நடக்கிறது. தமிழ்நாடு, கேரளம் என்ற இரு மாநிலங்களின் மலைகளுக்கு வெளியே இயற்கையில் அது எங்கும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாய் மதிப்பில் நீலகிரி வரையாடு திட்டத்துக்கு ஆணை பிறப்பித்தது. 2023 அக்டோபர் 12 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். 2027 வரை நடக்கவேண்டிய ஐந்தாண்டுத் திட்டம் இது. இருக்கும் ஆடுகளை ஒழுங்கான முறையில் எண்ணுவது அதன் அடிப்படைப் பணி.

இந்தப் பணிக்கும் சென்னையின் தெற்குப் புறநகருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வண்டலூர் வட்டாரத்தில் இயற்கையைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர் எனப் பலதரப்பட்டவர்கள். ஜனவரியில் சதுப்புநிலத்தில் நீர்ப்பறவை எண்ணுகிறார்கள். பிப்ரவரி, மார்ச் இரவுகளில் கடற்கரையில் ஆமைத் தடம் பார்க்கிறார்கள். மலை விலங்குகளுக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்ற விருப்பம் இவர்களிடம் இயல்பாகவே எழுகிறது. கிளாம்பாக்கத்தில் இரவுப் பேருந்து ஏறினால் விடியும்போது மலையடிவாரத்தில் இருக்கலாம்.

தன்னார்வம் நல்லதா கெட்டதா என்று விவாதிப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. வரையாட்டின் எண்ணிக்கை குறித்து நாம் சொல்லும் எண் மெய்யாக இருக்க, சமவெளியில் வாழும் ஒரு தன்னார்வலர் எந்த வேலையைச் செய்தால் உதவும், எதைச் செய்தால் கெடுக்கும் என்பதே கேள்வி. அதற்கு விடை தேடுமுன், இந்த எண் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தாகவேண்டும்.

2. எண்ணத் தொடங்கியவர்கள்

மலை விலங்குகளின் கணக்கை முதலில் வைத்தவர்கள் வேட்டைக்காரர்கள். நீலகிரியில் 1877இல் தொடங்கிய வேட்டைச் சங்கமும், மூணாறுப் பக்கம் தேயிலைத் தோட்டத் துரைமார் 1928இல் அமைத்த ஹைரேஞ்ச் சங்கமும் அடுத்த ஆண்டு சுடுவதற்கு விலங்கு மிஞ்சவேண்டும் என்ற கணக்கில்தான் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. நோக்கம் எதுவாக இருந்தாலும் ஒரு மலையைத் தொடர்ந்து கண்காணிக்கும் வழக்கம் அதனால் உண்டானது. ஹைரேஞ்ச் சங்கம் மலைவாழ் மக்களான முதுவர்களைக் காவலர்களாக அமர்த்தியது. பிற்காலத்தில் அந்தப் பகுதியிலுள்ள இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனபோது, உலகிலேயே அதிக வரையாடுகள் ஓரிடத்தில் எஞ்சியிருந்தது அங்கேதான்.

இந்த வரலாற்றில் நம் கேள்விக்கு மிக நெருக்கமானவர் இ.ஆர்.சி. தாவிதார். தொழிலால் வழக்கறிஞர். பல்கலைக்கழக விலங்கியல் துறை எதிலும் பணியாற்றியவரல்லர். 1963இல் நீலகிரியின் வரையாடுகளை எண்ணி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் முடிவை வெளியிட்டார். 1975இல் மறுபடியும் இறங்கி, அடுத்த சில ஆண்டுகளில் இனத்தின் முழுப் பரவலையும் தேடி எழுதினார். இடையில், 1969இல், அமெரிக்க உயிரியலாளர் ஜார்ஜ் ஷாலர் இங்கு வந்து வரையாட்டின் நடத்தையைப் பதிவுசெய்தார். 1979 முதல் கிளிஃபோர்ட் ரைஸ் இரவிகுளத்தில் தங்கி நீண்டகால ஆய்வு செய்தார். இன்று தமிழ்நாடு அரசு அக்டோபர் 7ஆம் நாளை வரையாடு தினமாகக் கொண்டாடுவது தாவிதாரின் நினைவாகத்தான்.

தாவிதாரைப் பற்றிப் பேசும்போது பலரும் அவருடைய ஆர்வத்தைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒருமுறை எண்ணிய மலைக்கு அவர் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிப் போனார். முதல் எண்ணுக்கு அப்போதுதான் ஒப்பிடும் மதிப்பு வந்தது. சம்பளமில்லாமல் ஒருவர் இப்படித் திரும்பிப் போவதுதான் தன்னார்வத்தின் ஆகச்சிறந்த வடிவம் என்று நினைக்கிறேன்.

3. இரண்டு ஆண்டுகள், இரண்டு எண்கள்

நீலகிரி வரையாடு திட்டத்தின் கீழ் முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு 2024 ஏப்ரல் 29 முதல் மே 1 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். இரண்டாவது, கேரளத்துடன் ஒரே நேரத்தில், 2025 ஏப்ரல் 24 முதல் 27 வரை. அப்போது தமிழ்நாட்டுக்கான எண் 1,303. ஓராண்டில் 272 கூடியிருக்கிறது. ஏறத்தாழ 26 விழுக்காடு. செய்தித்தாள்கள் இதை மகிழ்ச்சியோடு வெளியிட்டன. மகிழக் காரணமும் உண்டு. ஆனால் ஆய்வு நோக்கில் இந்த உயர்வை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் ஆண்டில் 140 பிளாக்குகளில் எண்ணினார்கள். இரண்டாம் ஆண்டில் 177 பிளாக்குகளில். பிளாக் என்பது ஒரு குழு ஒரு நாளில் நடந்து முடிக்கக்கூடியபடி பிரித்த மலைப்பகுதி. 1,031ஐ 140ஆல் வகுத்தால் பிளாக்குக்கு 7.36 ஆடு. 1,303ஐ 177ஆல் வகுத்தாலும் 7.36. சராசரி அசையவே இல்லை. அப்படியென்றால் கூடியது ஆடுகளா, தேடிய இடங்களா?

இங்கே அவசரமாக முடிவு கட்டிவிடலாகாது. புதிதாகச் சேர்த்த பிளாக்குகள் பழையவற்றைவிட வறியவையாக இருக்கலாம்: தாழ்வான சரிவுகள், சிறு மந்தைகள், ஆடே இல்லாத இடங்கள். அப்படியிருந்தால் பழைய பிளாக்குகளில் ஆடு உண்மையாகவே பெருகியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் சராசரி விழுந்திருக்கும். மாறாக, முதல் ஆண்டில் விடுபட்ட நல்ல புல்வெளிகள் சேர்ந்திருந்தால், உயர்வின் பெரும்பகுதி தேடலின் விரிவால் வந்ததாகும். பெட்டை வரையாடு வழக்கமாக ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அந்தக் குட்டிகளில் பலவும் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. ஓராண்டில் கால்வாசிக்கு மேல் பெருகுவது இத்தகைய விலங்குக்கு எளிதன்று. எனவே இரு ஆண்டிலும் எண்ணப்பட்ட அதே பிளாக்குகளை மட்டும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். மாநிலத்தின் மொத்த எண்ணைவிட, ‘ஒரே இடம், ஒரே முறை, மறுபடியும்’ என்ற தொடர்ச்சிக்கே எடை அதிகம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2025 கணக்கில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் புல்மலையில் 334, முக்குருத்தி தேசியப் பூங்காவில் 282. இவ்விரண்டு இடங்களிலேயே மாநில எண்ணிக்கையில் பாதிக்குச் சற்றுக் குறைவு அடங்கிவிடுகிறது. மீதி மலையுச்சிகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. மேகமலை, திருவில்லிபுத்தூர், களக்காடு முண்டந்துறை, அகத்தியமலைப் பக்கங்களில் இருக்கும் சிறு மந்தைகளே முதலில் காணாமற்போகக்கூடியவை. இடையிலுள்ள பள்ளத்தாக்குகளில் தோட்டமும் சாலையும் வாட்டில் என்ற அயல் மரமும் வந்துவிட்டதால் ஒரு மந்தை அழிந்தால் அடுத்த மலையிலிருந்து ஆடு வந்து சேர்வது அரிது. பெரிய மந்தைகளைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். இந்தச் சிறு மந்தைகளை ஆண்டுதோறும் போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

4. மலையில் எண்ணும் முறை

வரையாட்டுக் கணக்கெடுப்பில் இரண்டு முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது, ஒரே பிளாக்கைத் திரும்பத் திரும்ப எண்ணுவது. காலையிலும் மாலையிலும், அடுத்தடுத்த நாட்களிலும் எண்ணி, கிடைத்த மிக உயர்ந்த எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் எடுத்துக்கொள்வார்கள். உயர்ந்த எண்ணை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் மதிப்பீடு வரும். எடுத்துக்காட்டாக, ஒரு பிளாக்கில் கிடைத்த பெரிய எண் 34, அடுத்தது 31 என்றால் மதிப்பீடு 37. எத்தனை முறை எண்ணினாலும் மேகம் மறைத்த, பாறைக்குப் பின் படுத்த ஆடுகள் சில விடுபடும் என்பதை இந்தக் கணக்கு ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது, இரு குழுக்கள் தனித்தனியாகத் தேடும் முறை. நியூசிலாந்தில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விடப்பட்டுப் பல்கிப்போன இமயமலைத் தார் என்ற மலையாட்டை எண்ணுவதிலேயே மலை விலங்குக் கணக்கெடுப்பின் சிக்கல்கள் பல தெளிவாயின. இந்தியாவில் ஸ்பிதிப் பகுதியின் நீல ஆடுகளைக் கொண்டு குல்பூஷண்சிங் சூர்யவன்ஷியும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் இந்த இரு குழு முறையைச் செப்பம் செய்து வெளியிட்டார்கள். முதல் குழு ஒரு பாதையில் போகிறது. சற்று நேரம் விட்டு இரண்டாம் குழு அதே பாதையில் போகிறது. ஒவ்வொரு மந்தையையும் பார்த்த இடம், நேரம், எத்தனை ஆடு, அவற்றில் கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று குறிக்கிறார்கள். மாலையில் இரு ஏடுகளையும் பக்கத்தில் வைத்து எவை ஒரே மந்தை என்று தீர்மானிக்கிறார்கள். முதல் குழு 12 மந்தை, இரண்டாம் குழு 10 மந்தை, இரண்டு குழுவும் கண்டவை 8 என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கண்ட மந்தை மொத்தம் 14; சூத்திரம் தருவது ஏறக்குறைய 15. எவர் கண்ணிலும் படாத ஒரு மந்தை அங்கே இருந்திருக்கலாம் என்று பொருள்.

இதன் அழகே இரு குழுக்களின் தனிமையில்தான் இருக்கிறது. முன்னால் போனவர் திரும்பி ‘அதோ, அந்தப் பாறைக்குக் கீழே’ என்று கைகாட்டிய கணத்தில் இரண்டாம் குழுவின் பதிவுக்கு மதிப்பில்லாமல் போகிறது. ஒருவர் கண்டதை மற்றவரும் கண்டதாகக் குறித்தால் ‘இரு குழுவும் கண்டவை’ என்ற எண் பொய்யாக உயரும், மதிப்பீடு தாழும். கெட்ட எண்ணம் ஏதுமின்றி, வெறும் நட்பினாலும் உற்சாகத்தாலும் நேரும் தவறு இது. வரையாட்டைக் கண்டவுடன் கூடவந்தவரிடம் காட்டத் துடிக்காத மனிதர் யார்? தன்னார்வலருக்கு முதலில் கற்பிக்கவேண்டியது இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் பயிற்சியைத்தான்.

அடுத்த சிக்கல் வயதும் பாலும். முதிர்ந்த கிடாவை எவரும் அடையாளம் காணலாம். அடர்ந்த பழுப்பு உடல், முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு. பெட்டைக்கும் கொம்பு உண்டு. இளங்கிடாவும் பெட்டையும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். மூடுபனி விலகும் அரை நிமிடத்தில் பைனாகுலரில் கண் வைத்து இரண்டையும் பிரிக்கப் பழக்கம் வேண்டும். இரு ஏடுகளை ஒப்பிட்டு மந்தையை அடையாளம் காண்பதே இந்தப் பகுப்பை நம்பித்தான் நடக்கிறது என்பதால், ஒரு குழு இளங்கிடாவைப் பெட்டை என்று எழுதினால் ஒரே மந்தை இரண்டாகிவிடும். குட்டிக்கும் பெட்டைக்கும் உள்ள விகிதம் அடுத்த ஆண்டைப் பற்றிச் சொல்லும் முன்னறிவிப்பு. அதில் பிழை வந்தால் மொத்த எண்ணில் வரும் பிழையைவிடக் கேடு அதிகம்.

ஏப்ரல் கடைசியைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை குட்டி ஈனும் காலம். அந்தப் பருவத்தையொட்டித்தான் இரவிகுளத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை மலையை மூடிவிடும். இடைப்பட்ட குறுகிய காலத்தில்தான் குட்டிகள் தாயோடு நடமாடும், வானமும் ஓரளவு தெளிந்திருக்கும்.

5. காவலரின் கண்

மேற்சொன்னதெல்லாம் முறை. மலையில் முறையை நடத்துபவர்கள் வனக்காப்பாளர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும். காவலர்களில் பெரும்பாலோர் மலைவாழ் மக்கள்: ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், தெற்கே காணிக்காரர். எந்தப் பாறைத்திண்டில் ஆடு மதியம் படுக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் எந்தச் சரிவுக்கு மாறும், எந்த ஓடையைத் தாண்டும்போது யானைக்குக் காது கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் இவர்கள் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். புறநகரிலிருந்து வரும் தன்னார்வலர் இவர்களுக்கு ஈடாக மாட்டார். மூன்று நாளில் ஆகவும் முடியாது.

இங்கே ஓர் எதிர்வாதம் கவனத்துக்குரியது. கூலியின்றி உழைக்க ஆட்கள் வரிசையில் நின்றால், காவலர் பணியிடங்களை நிரப்பவும் இருப்பவர்களுக்கு நிரந்தர ஊதியம் தரவும் அரசுக்கு அக்கறை குறையும் என்று தொழிலாளர் நோக்கில் பேசுவோர் எச்சரிக்கிறார்கள். இந்த எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒரு காவலர் செய்யவேண்டிய எந்த வேலையையும் தன்னார்வலர் இலவசமாகச் செய்யக்கூடாது. காவலரால் நேரமின்மையால் செய்ய இயலாததை, அவருடைய வழிகாட்டுதலில் செய்யலாம். முடிவுகளை வெளியிடும்போது எண்ணிய காவலர்களின் பெயர்களும் அறிக்கையில் இடம்பெறவேண்டும். தாவிதாரின் பெயர் நமக்குத் தெரிவதற்கு அவர் எழுதியதே காரணம், அவருக்கு வழிகாட்டியவர்களின் பெயர்களோ நினைவில் இல்லை.

6. புறநகரில் வளர்ந்த பழக்கம்

தாம்பரம் வட்டாரத்துக்கு இதில் தனி இடம் உண்டு என்று நான் கருதுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ரோமுலஸ் விட்டேக்கர் தம்முடைய பாம்புப் பண்ணையை 1969இல் முதலில் அமைத்தது சேலையூரில். 1972இல்தான் அது கிண்டிக்குப் போனது. அந்தப் பண்ணையைச் சுற்றிக் கூடிய இளைஞர்களே 1970களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் ஆமை நடையைத் தொடங்கியவர்கள். 1988இல் மாணவர்கள் அமைத்த கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நடையை இன்றுவரை தொடர்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பருவம் முழுக்க இரவில் நடந்து, முட்டைக் குழிகளையும் கரை ஒதுங்கிய இறந்த ஆமைகளையும் குறிக்கிறார்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இது வழக்கத்துக்கு மாறான சாவு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது எதனால்? வழக்கம் என்ன என்பது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வைக்கப்பட்டிருந்ததால். ஆமை ஒன்றுமே வராத இரவுகளும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கின்றன. வரையாட்டுக்கு நமக்கு இன்னும் கிடைக்காதது இப்படிப்பட்ட குறிப்பேடு.

தாம்பரத்தில் 1937 முதல் இருக்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடு பல தலைமுறை மாணவர்களுக்குக் கவனிக்கக் கற்றுத்தந்த இடம். அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, கல்வெட்டையும் கோலத்தையும் ஆராய்ந்த அதே கண்ணால் சுற்றுவட்டாரப் பறவைகளையும் பார்த்தார். 1978இல் தொடங்கிய சென்னை இயற்கையாளர் கழகம் இன்றும் களப்பயணங்களையும் குறிப்புகளையும் தொடர்கிறது. நன்மங்கலம் காப்புக்காட்டின் கைவிட்ட கல்குவாரியில் கூடுகட்டும் கொம்பன் ஆந்தையை ஆண்டுக்காண்டு போய்ப் பார்த்துவருபவர்கள் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது, அதற்குப் பின்னால் பறவை பார்ப்பவர்களின் பல்லாண்டுப் பட்டியல்களும் இருந்தன. வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. மரபணு ஆய்வுக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் அங்கே வசதி உண்டு.

மலைக்குப் போகுமுன் பழகவேண்டியது இங்கேயே பழகக் கிடைக்கிறது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். இரு குழு முறையைக் கல்லூரி வளாகத்துப் புள்ளிமான்களிடம் ஒத்திகை பார்க்கலாம், சூத்திரம் மாறாது. ஒன்றும் தென்படாத காலையில் ‘பூச்சியம்’ என்று நேர்மையாக எழுதும் பழக்கம் நன்மங்கலத்தில் வந்துவிட்டால் அகத்தியமலையிலும் இருக்கும். ஒரே ஏரிக்கு நூறு காலை போகாதவர் ஒரே மலைக்கு ஐந்து கோடை போவார் என்று நம்புவது கடினம்.

7. தடைகளும் அச்சங்களும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சென்னையிலிருந்து மலையேறப் போன இளம்பெண்கள் பலர். அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. வரையாடு எண்ணும் ஏப்ரலும் உலர்ந்த புல்லின் காலமே. அனுமதியின்றி, உள்ளூர் வழிகாட்டியின்றி, ஆர்வத்தை மட்டும் நம்பி மலையேறுவதை எந்த அறிவியல் நோக்கமும் நியாயப்படுத்தாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆய்வுக்காகச் சரணாலயத்துக்குள் நுழையவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியைக் கேட்கிறது. அந்த விதி இடைஞ்சல் என்று முணுமுணுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மற்றோர் அச்சம் படங்களைப் பற்றியது. சிறு மந்தை ஒன்றின் துல்லியமான இருப்பிடம் செல்பேசிப் படத்தோடு பொதுவெளிக்குப் போனால், கூட்டம் முதலில் வரும்; கண்ணிக்காரன் பிறகு வருவான். ஆகவே தரவு வனத்துறையிடம் போகவேண்டும், படம் தனியாரின் பக்கத்துக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனை கண்டிப்பாக வேண்டும். அதே வேளையில் துறைக்கும் ஒரு கடமை உண்டு. இருப்பிடத்தை மறைத்துக்கொண்டே, பிளாக்வாரியான எண்களையும் உழைப்பு நேரத்தையும் ஆண்டுதோறும் வெளியிடலாம். 7.36 போன்ற கேள்விகளுக்கு அப்போது எவரும் விடை தேட முடியும்.

தன்னார்வலரின் தரவு நம்பத்தக்கதா என்ற ஐயம் உலகெங்கும் எழுந்ததுதான். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்கா 2008 முதல் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு மலை ஆடுகளைக் கண்காணித்துவருகிறது. குறித்த இடங்களுக்கு நடந்து போய், குறித்த நேரம் உட்கார்ந்து, கண்டதையும் காணாததையும் எழுதுவதுதான் அவர்கள் வேலை. முறை எளிமையாகவும் இடம் மாறாமலும் இருக்கும்போது பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களின் பதிவு பயன்படுகிறது என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது. நம் மலைகளில் யானையும் கரடியும் உண்டு, நடைபாதைகள் இல்லை. எனவே அதை அப்படியே பெயர்த்து நட இயலாது. உட்கார்ந்து பார்க்கும் இடத்தை மாற்றாதே என்ற ஒழுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

8. 2027க்குப் பிறகு

என் முடிவு இதுதான். முக்குருத்திக்கும் புல்மலைக்கும் கூடுதல் ஆள் தேவையில்லை. அங்கே துறையும் ஆய்வு நிறுவனங்களும் தொடர்ந்து போகும். தன்னார்வலர் தேவைப்படுவது பத்து இருபது ஆடுகள் உள்ள, போன ஆண்டு ஒன்றுமே தென்படாத விளிம்புப் பிளாக்குகளில். வரையாடு 300 மீட்டர் முதல் 2,600 மீட்டர் உயரம் வரை வாழக்கூடியது. உச்சியில் மட்டும் தேடினால் தாழ்ந்த பாறைச்சரிவுகளின் சிறு மந்தைகள் கணக்கில் சேராது. தாம்பரத்திலிருந்து செங்கோட்டைக்குப் போகும் ரயில் அம்பாசமுத்திரத்தில் நிற்கிறது. அங்கிருந்து மேற்கே பார்த்தால் களக்காடு முண்டந்துறையின் மலைகள். புறநகரின் ஒரு குழுவுக்கு ஒரே பிளாக்கை, குறைந்தது ஐந்தாண்டுக்கு, அங்குள்ள காவலரோடு இணைத்துக் கொடுத்துப் பார்க்கலாம். குழுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். கோடையில் மூன்று நாள் மலையிலும், மற்ற மாதங்களில் தாம்பரத்தில் இருந்தபடி தானியங்கிக் கேமராப் படங்களைப் பிரித்து வயதும் பாலும் குறிப்பதிலும் அவர்கள் ஈடுபடலாம். மலையேற முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் முழுமையாகப் பங்கேற்கக்கூடிய வேலை இந்த இரண்டாவதுதான். அளவில் பெரியதும் அதுவே.

திட்டத்தின் நிதி 2027இல் முடிகிறது. அதுவரை கிடைப்பது ஒருசில கணக்கெடுப்புகளின் முடிவு. ஒரு மந்தை மெல்லத் தேய்கிறதா, தன்னிலையில் நிற்கிறதா என்று சொல்ல இத்தனை போதாது. வரையாட்டின் ஒரு தலைமுறை கழியவே சில ஆண்டுகள் ஆகும். புதிய திட்டம் வரலாம், வராமலும் போகலாம். அரசாணைக்கும் அரசாணைக்கும் இடையில் விழும் அந்த இடைவெளி ஆண்டுகளில் ஏப்ரல் கடைசி வாரம் அதே பிளாக்குக்குப் போய், அதே இடத்தில் உட்கார்ந்து, அதே படிவத்தை நிரப்ப அனுமதியும் பயிற்சியும் பெற்ற சிலர் இருக்கவேண்டும். அவர்களை உருவாக்க இப்போது தொடங்கினால்தான் 2028இன் கோடைக்கு ஆள் இருக்கும்.